பட்டிழையும் மூட்டுக் குருத்தெலும்பும்

மூட்டுகளில் எலும்போடு எலும்பு உராயாதபடி காப்பது குருத்தெலும்பு. வழவழப்பான இப்பொருளுக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. ஆகவே ஒரு முறை சிதைந்தால் அது தானாக வளர்ந்து நிறைவதில்லை. லண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர் இதனை 1743-லேயே எழுதியுள்ளார். நோயாளியின் குருத்தெலும்பு உயிரணுக்களைச் சோதனைச்சாலையில் பெருக்கி, அவர் முழங்காலிலேயே மீண்டும் இட்ட செய்தியை ஸ்வீடன் நாட்டு மருத்துவர்கள் 1994-ல் வெளியிட்டனர். ஆயினும் கண்ணாடித் தட்டில் பெருகும்போது இவ்வுயிரணுக்கள் தம் இயல்பை இழந்துவிடுகின்றன. மூட்டில் உள்ளது போன்ற உறைவிடம் அவற்றுக்குத் தேவை.

தில்லி ஐ.ஐ.டி.யின் நெசவியல் துறைப் பேராசிரியர் சௌரப் கோஷ் இவ்வுறைவிடத்தைப் பட்டிலிருந்து அமைக்கும் ஆராய்ச்சியில் ஈடுபட்டவர். நெசவியல் துறையில் மருத்துவ ஆராய்ச்சியா என்று வியக்க வேண்டுவதில்லை. அறுவை மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பட்டு நூல் கொண்டே தைத்து வந்திருக்கின்றனர். பட்டுக்கூட்டைச் சலவைச் சோடா கலந்த நீரில் கொதிக்க வைத்தால் செரிஸின் என்னும் பசை நீங்கி, ஃபைப்ராயின் என்னும் புரதம் எஞ்சும். அதனைக் கரைத்து ஜெலாட்டினும் உயிரணுக்களும் சேர்த்த கலவைக்கு ‘உயிர் மை’ என்று பெயர். நுண்ணிய குழல் வழியாக, இடியாப்பம் பிழிவது போல, இம்மையை அடுக்கடுக்காகப் பிழிகின்றனர். பிழிந்த இழை சரியாமல் இறுக வேண்டும். இறுக்கும் முறை உயிரணுக்களைக் கொல்லவும் கூடாது. இவர் குழுவினர் 2015-ல் வெளியிட்ட முறைகளுள் ஒன்றில் டைரோசினேஸ் என்னும் என்ஸைம் இப்பணியைச் செய்கிறது. நறுக்கிய வாழைக்காயைக் கறுக்கச் செய்யும் என்ஸைமும் இதன் இனமே.

இதனினும் கடினமான சிக்கல் ஒன்று உண்டு. எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுக்கும் மூல உயிரணுக்கள் குருத்தெலும்பாக மாறிய பின் அந்நிலையில் நிற்பதில்லை. பருத்து, எலும்பாகும் வழியிலே செல்கின்றன. கருவில் கைகால் எலும்புகள் முதலில் குருத்தெலும்பாகத் தோன்றிப் பின்னர் எலும்பாவதும் இவ்வழியேதான். முழங்காலில் இட்ட பொருளும் அவ்வாறு மாறிவிட்டால் சிகிச்சையால் பயனில்லை. கான்பூர் ஐ.ஐ.டி.யின் அமிதாப பந்தோபாத்யாயவுடன் இணைந்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில், பட்டும் ஜெலாட்டினும் சேர்ந்த மையில் இப்போக்கு மட்டுப்படுவதை இவர்கள் காட்டினர். வளரும் கருவில் உயிரணுக்களை நெறிப்படுத்தும் இரசாயனச் சைகைகளே இங்கும் தொழிற்படுகின்றன.

அச்சிட்ட குருத்தெலும்பு இன்னும் மருத்துவமனைகளின் வழக்கமான சிகிச்சையாகவில்லை. நடக்கும்போதும் படியேறும்போதும் முழங்காலில் விழும் பாரத்தை அது பல்லாண்டு தாங்குமா என்பது விலங்குகளிடத்தும், பின்னர் நோயாளிகளிடத்தும் சோதித்தறிய வேண்டியதாகும்.