வெங்காயத் தோலில் சிவக்கும் ஈஸ்டர்

கிரீஸில் ஈஸ்டர் விருந்துக்கான அடுப்பு பெரிய வியாழன் அன்றே எரியத் தொடங்கிவிடுகிறது. பழைய முறைப்படி செய்யும் வீடுகளில் முதலில் அடுப்பில் ஏறுவது வெங்காயத் தோல். வாரக்கணக்கில் சேர்த்து வைத்த பழுப்புத் தோலைப் பெரிய பாத்திரத்தில் போட்டு, தண்ணீர் விட்டு அரை மணி நேரம் கொதிக்க வைக்கிறார்கள். வடிகட்டி ஆறவைத்த சாற்றில் இரண்டு கரண்டி வினிகர் ஊற்றி, முட்டைகளை மெதுவாக இறக்கி, சின்னத் தீயில் வேகவிடுகிறார்கள். வெள்ளை ஓடு கொஞ்சம் கொஞ்சமாகச் செங்கல் நிறத்துக்கு வரும். ஈரம் காய்ந்ததும் ஆலிவ் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் பளபளவென்று மின்னும். பளிச்சென்ற சிவப்பு வேண்டும் என்பவர்கள் கடையில் சாயப் பொட்டலம் வாங்கிக்கொள்கிறார்கள். சிவப்பு, கிறிஸ்து சிந்திய ரத்தத்தின் நிறம். அதனால் மற்ற நாடுகளில் முட்டைக்கு எத்தனை வண்ணம் வந்தாலும் கிரேக்க மேசையில் சிவப்புக்குத்தான் முதலிடம்.

இதில் பிள்ளைகளுக்கும் ஒரு வேலை உண்டு. கொத்தமல்லித் தழை போன்ற சின்ன இலை ஒன்றை முட்டையின் மேல் ஒட்டி, பழைய நைலான் காலுறைத் துண்டால் இறுக்கிக் கட்டி, அப்படியே சாயத்தில் போடுகிறார்கள். வெந்த பின் கட்டை அவிழ்த்தால், இலை இருந்த இடம் மட்டும் வெளிறி, நரம்பு நரம்பாக அதன் வடிவம் ஓட்டில் பதிந்திருக்கும். கடையில் வாங்கும் எந்த ஒட்டுப்படமும் இதன் அழகுக்கு ஈடாகாது.

ஈஸ்டர் மேசையின் அழகு, அந்த வாரம் முழுக்க வீட்டார் பங்குபோட்டுச் செய்த வேலைகள் அங்கே வந்து சேர்வதில்தான் இருக்கிறது. பளிங்குத் தட்டும் பட்டுத் துணியும் அதற்குப் பிறகுதான். ஒரு குடும்பம் புதிதாகத் தொடங்கும் வழக்கம் அடுத்த தலைமுறைக்குப் போகுமா, போகாதா என்பதையும் இதுவே முடிவு செய்கிறது. கையில் வேலை கிடைத்த பிள்ளை அடுத்த ஆண்டு தானாகவே கேட்கும்.

முட்டை ஈஸ்டருக்கு வந்ததற்குப் பின்னால் நோன்பு இருக்கிறது. கிழக்குத் திருச்சபைகளின் தவக்காலத்தில் இறைச்சி மட்டுமல்ல, பால், வெண்ணெய், முட்டை எல்லாமே விலக்கு. மேற்கு ஐரோப்பாவிலும் இடைக்காலத்தில் முட்டைக்குத் தடை இருந்தது. நோன்பு மனிதர்களுக்குத்தானே, கோழிகளுக்கு இல்லை. அவை பாட்டுக்கு முட்டையிட்டுக்கொண்டிருந்தன. சேர்ந்துபோன முட்டைகள் எல்லாம் உயிர்ப்பு ஞாயிறன்று மொத்தமாக மேசைக்கு வந்தன. வெண்ணெயும் முட்டையும் தாராளமாக விழும் ரொட்டிகள் ஈஸ்டருக்கென்றே ஐரோப்பா முழுவதும் உருவானதற்கும் இதுதான் காரணம். கிரேக்கர்களின் ‘சுரேக்கி’ அதில் ஒன்று. மூன்று பிரியாகப் பின்னிய இந்த ரொட்டியின் மணத்துக்குக் காரணம், ஒருவகைச் செர்ரிக் கொட்டையின் பருப்பை இடித்த பொடியும் கியோஸ் தீவில் மரத்திலிருந்து வடியும் மஸ்திகா பிசினும். பின்னலின் நடுவே ஒரு சிவப்பு முட்டையைப் பதித்துவிட்டால் மேசைக்கு வேறு அலங்காரமே தேவைப்படாது.

சனிக்கிழமை நள்ளிரவில் தேவாலயத்தின் விளக்குகள் அணைகின்றன. குருவானவர் ஏந்தி வரும் ஒற்றைச் சுடரிலிருந்து மெழுகுவர்த்திக்கு மெழுகுவர்த்தி தீ பரவுகிறது. “கிறிஸ்தோஸ் அனெஸ்தி” (கிறிஸ்து உயிர்த்தார்) என்று ஒருவர் சொல்ல, “அலிதோஸ் அனெஸ்தி” (மெய்யாகவே உயிர்த்தார்) என்று மற்றவர் பதில் சொல்கிறார். பிள்ளைகள் கையிலிருக்கும் மெழுகுவர்த்தி ஞானப்பெற்றோர் வாங்கிக் கொடுத்தது; ரிப்பன், பூ, பொம்மை என்று ஆண்டுக்கு ஆண்டு அதன் அலங்காரம் மாறுகிறது. அந்தச் சுடரை அணையாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, வாசல் நிலையின் மேல் புகையால் சிலுவை வரைந்த பிறகே உள்ளே நுழைகிறார்கள்.

பசி வயிற்றைக் கிள்ளும் நேரம். ஆனால் நாற்பத்தெட்டு நாள் இறைச்சி தொடாதவர்களுக்கு எடுத்த எடுப்பிலேயே வறுத்த ஆடு ஒத்துக்கொள்ளாது. அதனால் ‘மகிரித்சா’ என்ற சூப்தான் முதலில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை சமைக்கப்போகும் ஆட்டுக்குட்டியின் ஈரல், குடல் முதலியவற்றைச் சுத்தம் செய்து பொடியாக நறுக்கி, வெங்காயத்தாள், லெட்டூஸ் கீரை, சதகுப்பைத் தழை சேர்த்து வேகவைத்தது. கடைசியில் சேரும் முட்டை-எலுமிச்சைக் கலவையில்தான் சமைப்பவரின் கைத்திறம் தெரியும். அடித்த முட்டையில் எலுமிச்சைச் சாறு பிழிந்து, கொதிக்கும் சூப்பை அதில் கரண்டி கரண்டியாக விட்டுக்கொண்டே கலக்க வேண்டும். அவசரப்பட்டு முட்டையை நேராகப் பாத்திரத்தில் கொட்டினால் திரிந்துபோகும்.

குடல் என்றாலே முகம் சுளிக்கும் இளைய தலைமுறையும், சைவத்துக்கு மாறியவர்களும் இன்று ஏதென்ஸில் நிறைய. அவர்களுக்காக அதே தழை, அதே புளிப்போடு காளானை வைத்துச் செய்யும் மகிரித்சா வந்துவிட்டது. சமையல் இதழ்கள் ஆண்டுதோறும் அதற்குச் செய்முறை வெளியிடுகின்றன. முற்றத்தில் குழி வெட்டி ஆட்டை முழுதாகக் கம்பியில் கோத்துச் சுடும் வசதி அடுக்குமாடிக் குடியிருப்பில் ஏது? அங்கே எலுமிச்சை, பூண்டு, ஒரிகானோ தடவிய தொடைக் கறி உருளைக்கிழங்கோடு சேர்ந்து ஓவனில் வேகிறது. பண்டம் மாறினாலும் நள்ளிரவில் சூப், மறுநாள் மதியம் கறி என்ற வரிசையை அவர்கள் விட்டுக்கொடுப்பதில்லை. மெச்சத்தக்க ஏற்பாடு.

சாப்பாட்டு மேசையில் முட்டை மோதல் வேறு. ஒருவர் முட்டையின் கூர்முனையால் அடுத்தவர் முட்டையைத் தட்ட வேண்டும். கடைசிவரை உடையாத முட்டை யாருடையதோ, அவருக்கு அந்த ஆண்டு முழுக்க அதிர்ஷ்டம். எண்பது வயதுப் பாட்டியும் எட்டு வயதுப் பேரனும் சரிசமமாகப் போட்டி போடும் விளையாட்டு இது. புதிதாக ஈஸ்டர் விருந்து வைப்பவர்கள் யாராக இருந்தாலும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

போலந்தில் அழகு கூடையில் இருக்கிறது. சனிக்கிழமை காலை முட்டை, ரொட்டி, உப்பு, தொத்திறைச்சி, காரமான குதிரைமுள்ளங்கி, ஆட்டுக்குட்டி வடிவில் செய்த வெண்ணெய் எல்லாவற்றையும் சிறு கூடையில் அடுக்கி, வெள்ளைத் துணியால் மூடி, கோயிலுக்கு எடுத்துப்போய் மந்திரித்து வருகிறார்கள். மறுநாள் காலை உணவில், மந்திரித்த முட்டையைத் துண்டு போட்டு ஒவ்வொருவருக்கும் வாழ்த்துச் சொல்லிக் கொடுத்த பிறகே மற்றவற்றில் கை வைப்பார்கள். கம்பங்கூழுக்கு மாவைப் புளிக்க வைப்பதுபோல அவர்கள் ரை மாவைப் புளிக்க வைத்து ‘ஜூரெக்’ என்ற சூப் செய்கிறார்கள்; அதில் வெள்ளைத் தொத்திறைச்சியும் அவித்த முட்டையும் மிதக்கும். மேசை நடுவில் பச்சைத் திட்டு ஒன்று இருக்கும். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சின்னக் கீரையின் விதையைத் தட்டில் ஈரப்பஞ்சு பரப்பித் தூவியது. ஏழெட்டு நாளில் விரல் உயரம் வளர்ந்துவிடும். வெண்ணெய் ஆட்டுக்குட்டியை அந்தப் பச்சையில் நிறுத்துகிறார்கள். தினமும் தண்ணீர் தெளிப்பது பெரும்பாலும் வீட்டுக் குழந்தையின் வேலை. காசு செலவில்லாத இந்த அலங்காரத்துக்கு ஈடான ஒன்றைச் சொல்வது கடினம்.

ஒரு வீட்டு வழக்கம் எவ்வளவு தூரம் வளரும் என்பதற்கு ஜெர்மனியின் துரிங்கியா மாநிலத்திலுள்ள சால்ஃபெல்ட் நகரம் சாட்சி. வசந்தத்தில் மரக்கிளைகளில் முட்டை தொங்கவிடுவது ஜெர்மானியர்களின் பழைய பழக்கம். அந்த ஊர்க் குடும்பம் ஒன்று 1965-ல் தங்கள் தோட்டத்து ஆப்பிள் மரத்தில் 18 பிளாஸ்டிக் முட்டைகளைத் தொங்கவிட்டது. பிள்ளைகள் வளர வளர, சமையலுக்கு உடைக்கும் முட்டைகளை ஊதிக் காலி செய்து, ஓட்டில் வண்ணம் தீட்டிச் சேர்த்துக்கொண்டே வந்தார்கள். 2012-ல் மரத்தில் 10,000 முட்டைகள் ஆடின. பார்ப்பதற்கு வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள்.

வீட்டில் இதைச் செய்ய மரம் வேண்டியதில்லை. மொட்டு விடும் கிளைகள் நான்கைந்தைக் கண்ணாடிச் சாடியில் செருகினால் போதும். பச்சை முட்டையின் இரு முனையிலும் ஊசியால் துளையிட்டு, ஒன்றைச் சற்றே பெரிதாக்கி, உள்ளே குத்திக் கருவைக் கலக்கிவிட்டு ஊத வேண்டும். வெளியே வருவதைக் கிண்ணத்தில் பிடித்தால் கேக்குக்கு ஆகும். ஓட்டைக் கழுவிக் காயவைத்து, பாதித் தீக்குச்சியில் நூலைக் கட்டித் துளைக்குள் நுழைத்தால், குச்சி உள்ளே குறுக்கே விழுந்து முட்டையைத் தாங்கிக்கொள்ளும். மஞ்சள் தூள் கொதித்த நீர் பொன்னிறம் தரும். பீட்ரூட் இளஞ்சிவப்பு. ஊதா நிற முட்டைக்கோஸ் வெள்ளை ஓட்டில் ஏற்றுவதோ நீலம்!

வழக்கத்தை அடியோடு மாற்றிக்காட்டியவர்களும் உண்டு. ஈஸ்டர் முயல் ஜெர்மனியிலிருந்து உலகெங்கும் பரவிய கதாபாத்திரம். ஆஸ்திரேலியாவிலோ முயல் பயிரையும் மண்ணையும் அழிக்கும் அந்நிய விலங்கு. 1859-ல் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணையார் வேட்டைக்காக விக்டோரியாவில் அவிழ்த்துவிட்ட முயல்கள் பெருகி, கண்டத்தின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டன. நீண்ட காதுள்ள ‘பில்பி’ என்ற உள்ளூர் விலங்கு அருகிப்போனதற்கு முயலும் ஒரு காரணம். 1991-ல் முயலில்லா ஆஸ்திரேலியாவுக்கான அமைப்பு, ஈஸ்டருக்கு முயலை விட்டு பில்பியைக் கொண்டாடுங்கள் என்று பிரசாரம் தொடங்கியது. அடிலெய்டின் ஹேய்ஸ் நிறுவனம் 1993-ல் பில்பி சாக்லேட்டைக் கொண்டுவந்து, முயல் சாக்லேட் செய்வதை நிறுத்தியது. தங்கள் மண்ணைப் பார்த்து வழக்கத்தைத் திருத்தியவர்களை மனதாரப் பாராட்ட வேண்டும். அங்கே ஈஸ்டர் வருவது இலையுதிர் காலத்தில். மேசைக்கு வசந்தப் பூ தேடி அலைவதைவிடப் பழுத்த இலையும் திராட்சையும் வைப்பதுதான் பொருத்தம்.

பக்கத்துக் கேரளத்தில் சிரியன் கிறிஸ்தவர்களின் ஐம்பது நாள் நோன்பு, உயிர்ப்புத் திருப்பலி முடிந்த கையோடு பாலப்பத்திலும் தேங்காய்ப்பால் இஷ்டுவிலும் முடிகிறது. குட்டநாட்டுப் பக்கம் என்றால் வாத்துக்கறி இல்லாமல் இருக்காது.

விருந்து வைப்பவர்கள் மறந்துவிடும் ஒரு விஷயம் உண்டு. அவித்த முட்டையை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். அதனால் அலங்காரத்துக்கு ஊதிய ஓடு, தின்பதற்கு அவித்த முட்டை என்று முதலிலேயே பிரித்துவிடுவது நல்லது. மிஞ்சிய சுரேக்கி திங்கட்கிழமைக்குள் வறண்டுவிடும். கிரேக்கர்கள் அதைத் தடிமனாக அரிந்து, பாலும் முட்டையும் கலந்ததில் தோய்த்து, வெண்ணெயில் இருபுறமும் சிவக்கச் சுட்டு, மேலே தேன் ஊற்றிக் காலை உணவாக்கிவிடுகிறார்கள்.