ஊட்டி மலையில் ஒரு ராட்சதக் காது!

மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறினால் எங்கே போவோம்? ஊட்டிக்குத்தான்! படகு இல்லம், ரோஜாத் தோட்டம் எல்லாம் பார்ப்போம். ஆனால் குட்டீஸ், ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் வானத்தை ஒட்டுக்கேட்கும் ஒரு ராட்சதக் காது இருக்கிறது. தெரியுமா?

அதன் பெயர் ஊட்டி ரேடியோ டெலஸ்கோப். நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். ஐந்து கால்பந்து மைதானங்களை நீளவாக்கில் வரிசையாக வைத்தது போல! இதில் லென்ஸ் கிடையாது. 24 இரும்புச் சட்டங்களின் மேல், 1,100 மெல்லிய கம்பிகளை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். நம் வீட்டுப் பாத்திரம் போலவே, எல்லாம் எவர்சில்வர் கம்பிகள். வெகுதூர விண்மீன் மண்டலங்களில் இருந்து வரும் ரேடியோ அலைகள் அதில் பட்டுத் திரும்பிக் கருவிக்குள் போகும்.

ஏன் ஊட்டி? பூமி சுழலும் அச்சுக்கு இணையாக டெலஸ்கோப்பைப் படுக்க வைத்துவிட்டால், ஒரே வாக்கில் திருப்பிக்கொண்டே ஒரு பொருளைச் சுமார் ஒன்பதரை மணி நேரம் பின்தொடரலாம். ஊட்டி இருப்பது பூமத்திய ரேகைக்குச் சுமார் 11 டிகிரி வடக்கே. அங்கே அதே 11 டிகிரி சாய்ந்த மலைச்சரிவு வேண்டும். கோவிந்த் ஸ்வரூப் என்ற விஞ்ஞானியின் குழு தேடி அலைந்து பிடித்த சரிவு இது. கெட்டிக்காரர்கள்தான்!

காசு யாருடையது? 1961-ல், வெளிநாட்டில் இருந்த ஸ்வரூப்பும் மூன்று நண்பர்களும் 'நாடு திரும்பி வேலை செய்கிறோம்' என்று கடிதம் எழுதினார்கள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஹோமி பாபா தந்தியிலேயே சம்மதம் சொன்னார். பெயரில் 'டாடா' இருந்தாலும், அந்த நிறுவனத்துக்குப் பணம் தருவது மத்திய அரசின் அணுசக்தித் துறை. அதாவது, நம் அப்பா அம்மா கட்டும் வரிப்பணம். 1970-ல் டெலஸ்கோப் தயார்.

பணம் தருவதால், 'இன்றைக்கு இந்த நட்சத்திரத்தைப் பார்' என்று மந்திரி உத்தரவு போடுவாரா? மாட்டார். விஞ்ஞானிகள் விண்ணப்பம் கொடுப்பார்கள். எந்த ஆராய்ச்சிக்கு எத்தனை மணி நேரம் என்பதை விஞ்ஞானிகளே அலசி முடிவு செய்வார்கள்.

ஆனால் எங்கே கட்டலாம் என்பதை விஞ்ஞானிகள் மட்டும் முடிவு செய்ய முடியாது. நியூட்ரினோ என்ற குட்டித் துகளை ஆராய, மலைக்கு அடியில் குகை வேண்டும். மற்ற துகள்களை மேலே உள்ள பாறை தடுத்துவிடும். இதற்காக நீலகிரியிலேயே சிங்காரா என்ற இடத்தைக் கேட்டார்கள். முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய காடு அது. யானைகள் போகும் வழி. கல்லாறு பக்கத்துப் பிள்ளைகளுக்கு யானை வழித்தடம் என்றால் என்னவென்று சொல்லவா வேண்டும்? 2009-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 'கூடாது' என்றது.

திட்டம் தேனி மாவட்டத்துக்கு மாறியது. 2015-ல் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. அங்கும் மக்கள் எதிர்த்தார்கள். கோர்ட்டில் வழக்கு! மலைக்கு ஆபத்து என்று 2022-ல் தமிழக அரசும் சுப்ரீம் கோர்ட்டில் எதிர்ப்பைச் சொன்னது. 'மலைக்கு ஒன்றும் ஆகாது' என்கிறார்கள் விஞ்ஞானிகள்.

உங்களைக் கேட்டிருந்தால், குட்டீஸ், எந்தப் பக்கம் கை தூக்கியிருப்பீர்கள்?