கட்டுமரம் ஏன் மூழ்குவதில்லை?



ஹாஸ்டலில் சேர்ந்த புதிதில் ஒருவன், "உங்க வீட்ல போட் இருக்காடா?" என்று கேட்டான். அப்பாவுக்கு ஃபைபர் படகில் பங்கு உண்டு என்று சொன்னேன். தாத்தாவின் கட்டுமரத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. நாலு கட்டையைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருப்பதை எப்படி போட் என்று சொல்வது? எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்போது புத்தி அப்படித்தான் போயிற்று.

பிறகு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் மிதப்பு பற்றிப் பாடம் வந்தது. படகு மிதப்பது அதன் உள்ளே இருக்கும் காற்றால். உள்ளே தண்ணீர் ஏறிவிட்டால் கதை முடிந்தது. கட்டுமரத்துக்கோ 'உள்ளே' என்று ஒன்றே கிடையாது. மரமே தண்ணீரைவிட லேசு. அலை மேலே விழுந்தால் கட்டைகளின் இடுக்கு வழியாக வடிந்து போய்விடும். இறைக்க வேண்டிய வேலையே இல்லை.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். நாலு கட்டையும் சேர்ந்து 0.8 கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கன மீட்டருக்கு 400 கிலோ என்றால் மரத்தின் எடை 320 கிலோ. முழுக்க அமிழ்ந்தால் அது விலக்கும் கடல்நீர் 820 கிலோ. ஆக, ஆளும் வலையும் மீனுமாக 500 கிலோ வரை தாங்கும். ஆனால் கட்டை தண்ணீரைக் குடித்து 600 கிலோ அடர்த்திக்கு வந்துவிட்டால்? தாங்குவது 340 கிலோதான்! கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றாக வெயிலில் காயப்போடுவது இதற்காகத்தான். சின்ன வயதில் இதைச் சோம்பேறி வேலை என்று நினைத்திருக்கிறேன்.

ஆங்கிலத்தில் 'கேட்டமரன்' என்கிறார்களே, அது நம் சொல்தான். வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி 1697இல் வெளிவந்த தன் பயணநூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். இன்று அந்தப் பெயரில் ஓடுவது இரட்டை உடல் கொண்ட கப்பல். பெயர் மட்டும்தான் நம்முடையது, சாமான் வேறு.

போன மே மாத லீவில், "மரத்தை விறகுக்குப் போட்டுடலாம்" என்று அப்பா பேச்செடுத்தார். 2004 சுனாமியில் எங்கள் கரையில் கிடந்த மரங்கள் எல்லாம் போய்விட்டன. அதற்குப் பிறகு உதவியாக வந்தவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். தாத்தா மட்டும் கேரளாவிலிருந்து லாரியில் வந்த அல்பீசியா கட்டை வாங்கிச் செதுக்கினார். இப்போது அவருக்குக் கை நடுக்கம். முடிச்சு நிற்பதில்லை. "நான் கட்டறேன் தாத்தா" என்றேன்.

ஆணி கிடையாது, போல்ட் கிடையாது. முன்னும் பின்னும் குறுக்குக் கட்டை வைத்துக் கயிறுதான். இரும்பு என்றால் உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்கும், அலை அடிக்க அடிக்க ஓட்டை பெரிசாகும். தென்னங்கயிறு நனைந்தால் இறுகும். அடி விழும்போது கொஞ்சம் நெகிழ்ந்தும் கொடுக்கும். நாலு கட்டையையும் ஒரே மட்டமாக வைத்து அழகாகக் கட்டினேன். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தார்.

தண்ணீரில் தள்ளியதும் தெரிந்தது. வலப்பக்கம் துடுப்புப் போட்டால் இடப்பக்கம் சுழல்கிறது, இடப்பக்கம் போட்டால் வலப்பக்கம். பலகை மாதிரி தட்டையாக இருந்தால் நேர்கோட்டில் போகாது. நடுக்கட்டைகள் தாழ்ந்தும் ஓரக்கட்டைகள் உயர்ந்தும் இருக்க வேண்டும். அந்தத் தாழ்வுதான் மரத்தைத் திசையில் பிடித்து வைக்கிறது. "இத உங்க காலேஜ்ல சொல்லித் தரலியாடா?" என்றார் தாத்தா. அவிழ்த்து மறுபடி கட்டினோம். அரைநாள் ஆயிற்று.

துடுப்புப் போட முட்டி போட்டு, குதிகால் மேல் உட்கார வேண்டும். நின்றால் எடை மேலே போய் ஆட்டம் அதிகம் (நம் மெட்டாசென்டர் சமாசாரம்தான்). பெரிய அலைகள் வரிசையாக வந்து உடைந்த பிறகு கொஞ்ச நேரம் கடல் அடங்கும். அந்த இடைவெளியில் மூச்சைப் பிடித்துத் தள்ளி அலையைத் தாண்ட வேண்டும். மூக்கு நேராக அலையைப் பார்க்காவிட்டால் புரட்டிவிடும். என்னை இரண்டு தரம் புரட்டியது. "பொரட்டிப் போட்டு ஏறுடா, அது எங்கயும் போவாது!" என்று கரையிலிருந்து தாத்தா கத்தினார். உண்மைதான், பக்கத்திலேயே மிதந்துகொண்டிருந்தது. மூன்றாம் தரம் தாண்டினேன். முழங்கால் வரை தண்ணீர் ஏறி, அப்படியே இடுக்கு வழியாக இறங்கிற்று.

திரும்பி வந்து அவிழ்த்தபோது ஓரக்கட்டை ஒன்று உளுத்திருப்பது தெரிந்தது. மாற்றுக் கட்டைக்கு எங்கே போவது என்று தாத்தா கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் விறகுக்கு விலை பேச வந்தவரிடம், "இல்லப்பா, அது காயுது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

- இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்