படகு எஞ்சின் நின்று நின்று போகிறதா? கார்பரேட்டரைக் கவனியுங்கள்!



பாகூர் கொம்யூனில் நரம்பை, பனித்திட்டு பக்கம் நம் குழுப் பெண்கள் சிலர் படகு எஞ்சினுக்காகக் கடன் வாங்குகிறார்கள். எஞ்சின் கரையில் நின்றால் தவணை நிற்கும். நடுக்கடலில் நின்றால் உயிருக்கே ஆபத்து. அதனால் இந்த விவரம் நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் ஒன்று. டீசல் எஞ்சினில் கார்பரேட்டரே கிடையாது. பெட்ரோல், மண்ணெண்ணெய் எஞ்சினில்தான் உண்டு. டீசல் எஞ்சினுக்கு "கார்பரேட்டர் மாத்தணும்" என்று யாராவது பணம் கேட்டால், ஏன் என்று கேளுங்கள்.

கார்பரேட்டர் என்ன செய்கிறது?

காற்றையும் பெட்ரோலையும் சரியான அளவில் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிறது. பெட்ரோல் 'ஜெட்' என்ற மிகச் சிறிய துளை வழியாக வருகிறது. பம்ப் ஸ்டவ் நிப்பிள் அடைத்தால் தீ சரியாக எரியாது இல்லையா? அதே கதைதான் இங்கேயும்.

அறிகுறியும் காரணமும்

1. சிறிது நேரம் ஓடி நிற்கிறது: டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? ஃபில்டரில் தண்ணீர், அழுக்கு இருக்கிறதா?
2. சோக் போட்டால்தான் ஓடுகிறது: பெட்ரோல் போதவில்லை. ஜெட் அடைத்திருக்கலாம்.
3. வேகத்தில் ஓடுகிறது, மெதுவாக ஓடும்போது நிற்கிறது: ஐடில் ஜெட் அடைப்பு.
4. கரும்புகை, ப்ளக் கறுத்து நனைந்திருக்கிறது, பெட்ரோல் ஒழுகுகிறது: பெட்ரோல் அதிகம் வருகிறது. மிதவையின் ஊசி வால்வு சிக்கியிருக்கலாம். சோக் முழுதும் திறக்காமலும் இருக்கலாம்.

செய்யக் கூடாதவை

ஸ்டவ்வுக்குப் பின் போடுவது போல ஜெட்டில் ஊசி, கம்பி விடாதீர்கள். துளை பெரிதானால் பெட்ரோல் வீணாகும். கார்பரேட்டர் கிளீனரும் காற்றும் போதும்.

படகுக்குள் பொருத்திய எஞ்சினில் பெட்ரோல் ஆவி வெளியேறாமல் அடியில் தங்கும். காற்றைவிட அது கனமானது. ஒரு பொறி பட்டாலும் வெடிக்கும். எனவே பெட்டியைத் திறந்து நன்றாகக் காற்றாட விட்டு, பெட்ரோல் குழாயை மூடி, பேட்டரி வயரைக் கழற்றிய பிறகே கை வைக்க வேண்டும். பீடி, விளக்கு பக்கத்திலேயே வரக் கூடாது.

வராமல் தடுக்க

இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. அது தண்ணீரை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் படகு பல நாள் சும்மா கிடக்கும்போது, பெட்ரோல் குழாயை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். கார்பரேட்டர் காலியாகிவிடும், பிசின் படியாது. மண்ணெண்ணெய் எஞ்சினை நிறுத்தும் முன் சிறிது நேரம் பெட்ரோலில் ஓட்டுங்கள். பெட்ரோலை வடிகட்டியே ஊற்றுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள். மெக்கானிக் கழற்றும்போது பக்கத்தில் நின்று, என்ன கெட்டுப்போனது என்று கேளுங்கள். கடன் நம் பெயரில் இருக்கிறது. கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.