குழு ஆய்வு: பாரமா, பலமா?

ஐந்து பேர் சேர்ந்து ஓர் ஆய்வு செய்து, எழுதி, வகுப்பில் படைக்க வேண்டும் என்று விரிவுரையாளர் சொன்னவுடன் மாணவர்களிடையே இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். "வேலை குறையும்" என்று மகிழ்வது ஒரு கட்சி. "கடைசியில் எல்லாம் என் தலையில்தான் விழும்" என்று பெருமூச்சு விடுவது மற்றொரு கட்சி. இரு தரப்பிலும் உண்மை உண்டு. ஆனால் இரு தரப்பும் மறந்துவிடும் ஒன்றும் உண்டு. குழு என்பது வேலையைக் கூறு போட்டுக்கொள்வதற்காக மட்டும் அமைக்கப்படுவதல்ல. ஒருவர் கண்டதை இன்னொருவர் சோதித்துப் பார்ப்பதற்காகவும் அமைக்கப்படுவது.

இதைக் கெடா மாநிலத்துக் கதை ஒன்றை வைத்தே விளக்கலாம்.

கையெட்டும் தூரத்தில் ஒரு தலைப்பு

1945இல் ஜப்பானியர் ஆட்சி முடிந்த பிறகு, கெடா தோட்டங்களில் தொண்டர் படை என்ற இயக்கம் எழுந்தது. பீடோங் அருகிலுள்ள ஹார்வர்ட் தோட்டம் அதற்கு மையமாக இருந்தது. ஏ. எம். சாமி அதன் தலைவராக அறியப்பட்டவர். கள்ளுக்கடையில் கரைந்துபோகும் கூலியைக் குடும்பத்திற்குக் காப்பாற்ற வேண்டும் என்று கிளம்பிய அந்த இயக்கம், 1947ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பீடோங் வட்டாரத்தில் போலீசாருடன் மோத நேர்ந்தது. பலர் கைது செய்யப்பட்டனர்.

இன்று அதே பீடோங் வட்டாரத்தில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. வடக்கே சிந்தோக்கில், 1984இல் தொடங்கப்பட்ட வட மலேசியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். இருந்தும் குழு ஆய்வு என்றால் சமூக ஊடகம், இணைய வணிகம் என்று எங்கோ போய்த் தலைப்புத் தேடுவதே வழக்கமாக இருக்கிறது.

தலைப்பைத் தேர்ந்த பிறகு, அதைக் கேள்வியாகச் சுருக்க வேண்டும். "கெடா இந்தியர்களின் வரலாறு" என்பது ஒரு பருவத்தில் முடிகிற காரியமல்ல. "தொண்டர் படையைப் பற்றி ஹார்வர்ட் தோட்டத்துக் குடும்பங்கள் இன்று என்ன நினைவு வைத்திருக்கின்றன?" என்பது முடியும். ஒரே வாக்கியத்தில் கேட்க முடியாத கேள்விக்கு ஐம்பது பக்கத்திலும் பதில் வராது.

யார் எங்கே போவது?

இந்தக் கதையைப் பற்றிப் பல குரல்கள் உண்டு. தோட்ட நிர்வாகத்தின் பார்வையில் அது ஒழுங்கைக் குலைத்த கூட்டம். தொழிற்சங்க வரலாற்றை எழுதியவர்களின் பார்வையில் அது தொழிலாளர் எழுச்சி. குடித்துவிட்டு வரும் கணவனை எதிர்பார்த்து லயத்து வாசலில் உட்கார்ந்திருந்த தாய் என்ன சொல்லியிருப்பாள்? அதை ஏட்டில் தேடினால் அநேகமாகக் கிடைக்காது.

ஆகவே குழுவில் ஒருவர் ஆய்வு நூல்களைப் படிக்கட்டும். 1980இல் வெளிவந்த மைக்கல் ஸ்டென்சனின் நூலிலிருந்து தொடங்கலாம். இன்னொருவர் பழைய பத்திரிகைகளைப் பார்க்கட்டும். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையக் காப்பகத்தில் அந்தக் காலத்து ஆங்கில நாளேடுகளை வீட்டிலிருந்தே தேடலாம். மூன்றாமவர் அலோர் ஸ்டாரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகக் கிளையில் விசாரிக்கட்டும். மீதி இருவர் தோட்டத்துக்குப் போய் முதியவர்களைச் சந்திக்கட்டும்.

வாரம் ஒருமுறை ஐவரும் கூடி, அவரவர் கொண்டுவந்ததை நடுவில் வைக்க வேண்டும். குழு ஆய்வின் உயிர் இங்கேதான் இருக்கிறது. "ஜப்பான்காரன் போன மறு வருசம் போலீஸ் வந்துச்சு" என்று ஒரு பாட்டி சொன்னதாக வைத்துக்கொள்வோம். பேட்டி எடுத்தவர் 1946 என்று எழுதிக்கொள்வார். பத்திரிகை பார்த்தவர் 1947 என்பார். பாட்டி பொய் சொல்லவில்லை. அவருடைய காலக்கணக்கு நாட்காட்டியைப் பார்த்துப் போட்டதல்ல. ஏட்டில் இரண்டையும் எழுதி, எது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட்டால் அது ஆய்வு. ஒன்றைச் சத்தமில்லாமல் மறைத்துவிட்டால் அது வெறும் கட்டுரை.

பேட்டி எடுக்கும் முறை

தோட்டத்துப் பெரியவர்களிடம் பாரத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் தயங்குவார்கள். எதிலோ கையெழுத்துப் போட்டு எதையோ இழந்த அனுபவம் பல குடும்பங்களில் இருக்கிறது. ஆகவே முதல் முறை வெறுங்கையோடு போய், யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிட்டு வருவது நல்லது. அடுத்த முறை பாரத்தைத் தமிழில் வாசித்துக் காட்டி, "பாட்டி, நீங்க சொல்றத பதிவு பண்ணிக்கலாமா? பேர் போடலாமா, வேணாமா?" என்று கேட்க வேண்டும். பதிவின் தொடக்கத்தில் நாள், இடம், பேட்டி எடுப்பவர் பெயர் மூன்றையும் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் பத்துப் பதிவுகள் சேர்ந்த பிறகு எது யாருடைய குரல் என்றே தெரியாது.

பேச்சை மலாய்க்கோ ஆங்கிலத்துக்கோ மாற்றும்போது இன்னொரு கவனம் தேவை. பெரட்டு, தண்டல், கிராணி, கங்காணி போன்ற சொற்களை அப்படியே வைத்துக்கொண்டு, ஒரு வரியில் விளக்கம் தரலாம். 'மேற்பார்வையாளர்' என்று பொதுவாக மாற்றினால் கங்காணிக்கும் தண்டலுக்கும் உள்ள வேறுபாடு அழிந்துவிடும்.

ஐந்து கை, ஒரு ஏடு

முன்னுரை, ஆய்வு முறை, கண்டறிந்தவை, கலந்துரையாடல், முடிவு என்று ஐந்து பேரும் ஆளுக்கொரு பகுதியை எழுதி, கடைசி இரவில் ஒட்டி அனுப்புவது பலருடைய பழக்கம். முதல் பகுதியில் 'தொண்டர் படை' என்றிருக்கும், மூன்றாம் பகுதியில் 'தொண்டர் இயக்கம்' என்றிருக்கும். படிப்பவர் இரண்டும் வேறு வேறு என்று நினைத்துக்கொள்வார். குறைந்தது ஒரு வாரத்திற்கு முன்பே எழுதி முடித்து, முழு ஏட்டையும் ஒருவரே தலையிலிருந்து கடைசிவரை படித்துச் செப்பனிட வேண்டும். ஆய்வுச் சுருக்கத்தைக் கடைசியில்தான் எழுத வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் நான்கு பக்கம் நொடியில் வந்துவிடுகிறது. ஆனால் லயத்துப் பாட்டி அதனிடம் எதுவும் சொன்னதில்லை. அது தரும் ஆண்டையும் பெயரையும் சரிபார்க்காமல் ஏட்டில் சேர்த்தால், பிழைக்குப் பொறுப்பு ஐவருக்கும்தான்.

உழைக்காதவருக்கும் அதே மதிப்பெண்ணா என்ற மனக்கசப்புக்கும் வழி உண்டு. யார் எதை, எந்த நாளில் செய்தார் என்று முதல் நாளிலிருந்தே ஒரு குறிப்பேடு வைத்து, அதை ஏட்டின் பின்னிணைப்பாகச் சேர்த்துவிடலாம். சண்டை வேண்டியதில்லை, குறிப்பேடே பேசும்.

மேடையில் 15 நிமிடம்

15 நிமிடத்தை ஆளுக்கு மூன்று நிமிடமாக வெட்டி, அவரவர் பகுதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வருவது ஆபத்து. கேள்வி யாரை நோக்கியும் வரலாம். ஐவருக்கும் முழு ஆய்வும் தெரிந்திருக்க வேண்டும். திரை நிறைய எழுத்தை நிரப்பி அதையே வாசிப்பதைவிட, ஒரு வரைபடமும், அனுமதி பெற்ற குரல் பதிவு 20 விநாடியும் போதும். வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த மாணவர்கள் சிலருக்கு ஆங்கிலத்தில் பேச வேண்டுமென்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் நெட்டுருப் போட்டுக்கொண்டால் பாதி பயம் போய்விடும். மீதி பயம், நண்பர்கள் முன் இரண்டு முறை ஒத்திகை பார்த்தால் போகும். ஆறு பேரைப் பேட்டி கண்டிருந்தால் ஆறு பேர் என்றே சொல்ல வேண்டும், "கெடா தோட்ட மக்கள்" என்று அள்ளிவிடக் கூடாது. தெரியாத கேள்விக்கு, "எங்கள் ஆய்வில் அது கிடைக்கவில்லை" என்பது கௌரவமான பதில்தான்.

மதிப்பெண்ணுக்குப் பிறகு

1947இல் பத்து வயதுச் சிறுமியாக இருந்தவர் இன்று தொண்ணூறை நெருங்குகிறார். அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைத்தால், அந்த வீட்டில் கதவைத் திறந்து பேச ஆள் இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே இத்தகைய ஆய்வை இப்போது செய்யும் மாணவர்களே அவருடைய சொற்களைக் கேட்கும் கடைசி ஆட்களாக இருக்கக்கூடும்.

படைப்பு முடிந்ததும் ஏட்டின் ஒரு படியைப் பேட்டி தந்த குடும்பத்திற்கும், இன்னொன்றை அருகிலுள்ள தமிழ்ப்பள்ளி நூலகத்திற்கும் கொடுக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில், இம்முறை தமிழிலேயே, அதே 15 நிமிடப் படைப்பைச் செய்து காட்டலாம். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவராவது எழுந்து, "அது அப்படி இல்ல தம்பி, நான் சொல்றேன் கேளு" என்பார். விரிவுரையாளரால் திருத்த முடியாத பிழையை அவர்தான் திருத்துவார்.