கற்கண்டில் தொடங்கிய கச்சேரி: திருத்தணி தெரியும், இதெல்லாம் தெரியுமா?

டிசம்பர் கடைசி வந்தால் சங்கீதப் பைத்தியங்களுக்கு ஒரு கணக்கு முடிக்க வேண்டியிருக்கும். இந்த வருஷம் நேரில் கேட்டதில் எது உச்சம்? யாருடைய தோடி இன்னும் காதில் நிற்கிறது? எந்த சபாவில் தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தோம்? எந்த கேன்டீனில் அடை அவியல்? நானும் வருஷா வருஷம் பட்டியல் போடுகிறேன். இரண்டாம் இடமும் மூன்றாம் இடமும் மாறிக்கொண்டே இருக்கும். முதலிடம் மட்டும் மாறுவதில்லை. அந்தக் கச்சேரிக்கு மேடை கிடையாது, டிக்கெட் கிடையாது, முன்வரிசை நாற்காலிக்கு அடிதடி கிடையாது. 365 படிகள்தான் அரங்கம். பாடுகிறவர்களும் கேட்கிறவர்களும் சேர்ந்தே படியேறுவார்கள்!

திருத்தணியில் கச்சேரியா என்று புருவத்தை உயர்த்துகிறவர்களுக்கு ஒரு கேள்வி. முத்துசுவாமி தீட்சிதரின் முதல் கீர்த்தனை எங்கே பிறந்தது தெரியுமா? பிறந்த ஊரான திருவாரூரில் இல்லை. பல ஆண்டுகள் தங்கியிருந்து வீணையோடு திரும்பினாரே, அந்தக் காசியிலும் இல்லை. இந்தத் தணிகை மலையில்தான்! சங்கீத உலகம் வழிவழியாகச் சொல்லிவரும் கதை இது: தீட்சிதர் சந்நிதியில் தியானத்தில் இருக்கிறார். ஒரு கிழவர் வந்து வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கில் ஒரு கற்கண்டைப் போட்டுவிட்டு மறைந்துபோகிறார். இனிப்பு கரைவதற்குள் பாட்டு வந்துவிட்டது. ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’ என்று தொடங்கும் கீர்த்தனை.

அந்தப் பாட்டு எந்த ராகம் தெரியுமா? மாயாமாளவகௌளை! பாட்டு வாத்தியார் வீட்டுத் திண்ணையில் முதல் நாள் உட்காரும் குழந்தைக்கு ‘ஸரிகமபதநி’ சொல்லித் தருவது இந்த ராகத்தில்தான். 72 மேளகர்த்தாக்களில் 15-ஆவது. பின்னாளில் நவாவரணமும் நவக்கிரகமுமாக வித்வான்களையே திணற அடித்த மனிதர், ஆரம்பித்தது நம் வீட்டுக் குழந்தை ஆரம்பிக்கிற இடத்தில். எனக்கு இது ஒவ்வொரு தடவையும் புல்லரிக்கும். சரளி வரிசையைத் தாண்டாமலே பாட்டு வகுப்புக்கு முழுக்குப் போட்டவன் என்பதாலும் இருக்கலாம்.

‘குருகுஹ’ என்ற முத்திரை அவர் பாட்டுகளில் ஏறியதும் அந்தக் கற்கண்டுக்குப் பிறகுதான். குகன் என்றால் முருகன், அவனே குரு. அதோடு நிற்கவில்லை. நாம் பள்ளிக்கூடத்தில் ‘ஐ, ஆல், கு, இன்’ என்று உருப்போட்டோமே, அந்த எட்டு வேற்றுமைகளுக்கும் வேற்றுமைக்கு ஒன்றாகக் குருகுகன் மேல் கீர்த்தனை கட்டிவிட்டார் மனிதர்! அதில் ஆனந்தபைரவி உண்டு, சாமா உண்டு, பூர்வி உண்டு. ‘பாடி’ என்றே ஒரு ராகம் இருப்பது தெரியுமா? அதிலும் ஒன்று உண்டு. இலக்கண வகுப்பை இப்படி நடத்தியிருந்தால் நாமெல்லாம் எங்கேயோ போயிருப்போம்.

இன்னொரு வேடிக்கை. தமிழ் மண்ணில் பிறந்த தீட்சிதர், சமஸ்கிருதத்தில் பாடிய கீர்த்தனைகள், எட்டயபுரத்தில் 1904-இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்ற மாபெரும் நூலாக அச்சேறின. வெளியிட்டவர் அவர் தம்பி வழி வந்த சுப்பராம தீட்சிதர். எந்த எழுத்தில் அச்சிட்டார் தெரியுமா? தெலுங்கில்! பாட்டுக்கு எல்லைக்கல் நடமுடியாது என்று மற்ற ஊர்க்காரர்கள் சொன்னால் அது அலங்காரம். திருத்தணிக்காரன் சொன்னால் அது வீட்டு நடப்பு. 1953-இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது இந்த ஊர் அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி. தலைமையில் வடக்கெல்லைப் போராட்டம் நடந்து, 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தது. இன்றைக்கும் சந்தையில் பாதிப் பேச்சு தெலுங்கு. சென்னை சபாவில் தியாகராஜர் கீர்த்தனைக்குப் பலரும் அர்த்தம் தெரியாமலே உருகுவார்கள். எங்கள் ஊரில் கீரைக்கட்டுக்காரம்மாவுக்குக்கூட ‘ராரா’ என்றால் யார் யாரைக் கூப்பிடுகிறார் என்று தெரியும்.

சரி, அந்த 365 படிக் கச்சேரிக்கு வருவோம். அதற்கு முன்னால் திருப்புகழ் எப்படிப் பிழைத்தது என்பதைக் கேளுங்கள். அருணகிரிநாதர் 16,000 பாடினார் என்பது வழக்கு. கையில் கிடைத்திருப்பது 1,300 சொச்சம். அந்த சொச்சமும் கிடைத்தது எதனால் தெரியுமா? கோர்ட்டு விவகாரத்தால்! 1871-இல் சிதம்பரம் தீட்சிதர்கள் தங்கள் பெருமைக்குச் சான்றாக ஒரு திருப்புகழை எடுத்துச் சொன்னார்களாம். அதைக் கேட்டு சொக்கிப்போனவர் வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை. நீதித்துறையில் வேலை, பிற்பாடு மாவட்ட முன்சீப். வழக்கு என்ன ஆனதோ, இவர் ஊர் ஊராக ஏட்டுச்சுவடி தேடக் கிளம்பிவிட்டார். முதல் பாகம் 1894-இல் வந்தது, இரண்டாம் பாகம் 1901-இல். கைப்பட எழுதியும், பிழைதிருத்தியும், சந்தம் உதைக்கிற இடங்களில் வேறு சுவடி தேடியும் இருபது வருஷத்துக்கு மேல் ஓடிய வேலை. அவர் மகன் செங்கல்வராய பிள்ளைக்கு என்ன பட்டம் தெரியுமா? தணிகைமணி! இந்த மலை மேல் மட்டும் அருணகிரியார் அறுபதுக்கு மேல் பாடியிருக்கிறார்.

அச்சேறிய பாட்டைப் படியேற்றியவர் இன்னொருவர். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். முன்பு என்ன வேலை பார்த்தார் தெரியுமா? மைசூர் அரண்மனையில் சமையல்! நளபாகத்தில் கெட்டிக்காரர். பள்ளிப் படிப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பழனியில் திருப்புகழைக் காதில் வாங்கியதும் ஆள் மாறிப்போனார். நடுவயதில் எழுத்துக்கூட்டி, திருப்புகழ் முழுவதையும் மனப்பாடம் செய்தார். இப்போது வீட்டுக்கு வீடு கைபேசியில் ஒலிக்கிறதே வேல்மாறல், அதைத் தொகுத்து அடுக்கித் தந்தவரும் இவரே.

அந்தக் காலத்தில் ஜனவரி முதல் தேதி என்றால் நம்மவர்கள் எலுமிச்சம்பழத்தோடு வெள்ளைக்கார துரை வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். சுவாமிகள் பார்த்தார். துரைக்கெல்லாம் துரை மலைமேல் இருக்கும்போது இவன் வாசலில் என்ன வேலை? வருஷத்துக்கு நாள் 365, தணிகைக்குப் படியும் 365. டிசம்பர் 31 அன்று படிக்கு ஒரு பாட்டாகத் திருப்புகழ் பாடி ஏறி, புத்தாண்டு பிறக்கும்போது முருகன் முன்னால் நிற்பது என்று தொடங்கிவைத்தார். நூறு வருஷத்தைத் தாண்டியும் நடக்கிறது அந்தப் படித்திருவிழா. ஒரே கச்சேரி, நூறு வருஷமாக!

இதில் எனக்குப் பிடித்த முரண் ஒன்று. துரைக்கு சலாம் போடாதே என்று இந்தப் படியில் பாட்டு ஏறியதா? இதே மலையில் கற்கண்டு வாங்கிய தீட்சிதரோ, வெள்ளைக்காரன் பேண்டு வாத்திய மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதி நொட்டுஸ்வரம் ஆக்கியவர். பிரிட்டிஷ் ராஜகீதத்தின் மெட்டையே தூக்கி ‘சந்ததம் பாஹிமாம்’ என்று அம்பாளுக்குக் கொடுத்துவிட்டார்! ஒருவர் துரை வீட்டு வாசலைத் தவிர்த்தார். இன்னொருவர் உள்ளே போய்ப் பாட்டைக் கொண்டுவந்துவிட்டார்.

படித்திருவிழா அன்று எங்கே நின்று கேட்க வேண்டும் என்பதற்கு என்னிடம் ரகசியம் உண்டு. அடிவாரத்தில் நிற்காதீர்கள், வெறும் இரைச்சல். உச்சியிலும் வேண்டாம், தள்ளுமுள்ளு. பாதி வழியில் ஓரமாக ஒதுங்குங்கள். படியில் மஞ்சளும் குங்குமமும் ஈரமாக இருக்கும். கால் வழுக்கும், ஜாக்கிரதை. நாலு படி மேலே ஒரு பஜனை கோஷ்டி கற்பூரம் ஏற்றி ஐந்தெட்டு நடையில் துள்ளிக்கொண்டிருக்கும். நாலு படி கீழே இன்னொரு கோஷ்டி நிதானமாக வேறு சந்தத்தில் ஏறிவரும். இரண்டு ஜால்ராவும் உங்கள் தலைக்குமேல் முட்டும், விலகும். திடீரென்று ஓரிடத்தில் இரண்டு தாளமும் ஒரே சமத்தில் வந்து விழும் பாருங்கள், எந்தக் கோர்வைக்கும் அந்த அதிர்ச்சி கிடையாது! யாரும் திட்டமிட்டதில்லை. பாடுகிறவர்களுக்கே தெரியாது. நடுவில் நிற்கிற உங்களுக்கு மட்டும் வாய்க்கும். அதைக் கேட்ட மயக்கத்தில் ஒரு வருஷம் என் புதுச் செருப்பைக் கோட்டைவிட்டு, வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தேன்.

அதே ராத்திரி சென்னையில் என்ன நடக்கும் தெரியுமா? 1927 டிசம்பர் காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த சங்கீத மாநாட்டில் முளைத்து, மறு வருஷம் பிறந்த மியூசிக் அகாடமியில் சீசனின் கடைசிக் கச்சேரிகள் களைகட்டும். மார்கழி முழுக்க மின்சார ரயிலில் அரக்கோணம் வழியாக ஓடி ஓடிக் கேட்பவன்தான் நான். கடைசி வண்டிக்குப் பயந்து பல்லவியின் நடுவில் எழுந்து ஓடிய பாவமும் என் கணக்கில் நிறைய உண்டு. 31-ஆம் தேதி மட்டும் யார் டிக்கெட்டை சும்மா நீட்டினாலும் நகரமாட்டேன்.

ஆடிக் கிருத்திகையைச் சொல்லாமல் விட்டால் ஊர் என்னை விடாது. மலர்க்காவடிகள் மலையை மூடும் அந்த நாளில் பம்பைக்குத்தான் ராஜ்ஜியம். பம்பை ஒரு வாத்தியம் இல்லை, ஒன்றோடொன்று பிணைத்துக் கட்டிய இரண்டு! ஒன்று மரம், ஒன்று வெண்கலம். கூடவே உடுக்கை. இடுப்புக் கயிற்றை விரல் அழுத்த அழுத்த, அது மனிதக் குரல் மாதிரி ஏறி இறங்கும். காவடிக்காரர் ‘அரோகரா’ என்றால் பின்னால் வருகிற சித்தூர்க்காரர் ‘ஹரோம்ஹரா’ என்பார். சுருதி சேர்ந்துவிடும்.

கந்த சஷ்டிக்கு இங்கே சூரசம்ஹாரம் கிடையாது, அது தெரியுமா? சூரனை முடித்த சினம் தணிந்த இடம் இது. அதனால் போருக்குப் பதில் பூச்சொரிதல், அப்புறம் வள்ளி கல்யாணம்.

இந்த வருஷப் படித்திருவிழாவிலும் பாதிப் படியில் பழைய செருப்போடு நிற்பேன். கீழேயிருந்து வருகிற கோஷ்டிக்குக் கொஞ்சம் வழிவிட்டு நில்லுங்கள். ஜால்ரா போடுகிறவருக்குக் கை வீச இடம் வேண்டும்.