பாரசீகப் பூனை: அழகும் அதன் விலையும்

தொடர் வைப்புக் கணக்கை முதிர்வுக்கு முன்பே முடிக்க வரும் வாடிக்கையாளரிடம் காரணம் கேட்பது எங்கள் வழக்கம். திருமணம், மருத்துவம், கல்லூரிக் கட்டணம் என்றே பெரும்பாலும் விடை வரும். நாக்பூரில் நான் பணியாற்றியபோது, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சற்றுத் தயங்கி, “என் பூனைக்குக் கண் சிகிச்சை” என்றார். பேத்தியின் ஆசைக்காக வாங்கிய பாரசீகப் பூனை அது. “முகம் எவ்வளவு தட்டையோ அவ்வளவு உயர்ந்த ரகம் என்றார்கள். அதற்காகவே கூடுதல் விலை கொடுத்தேன்” என்றார். அந்த வார்த்தைகளே இந்தப் பூனையினத்தைப் பற்றி என்னைப் படிக்கத் தூண்டின.

இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வாலே, பாரசீகத்தின் குராசான் பகுதியில் நீண்ட மென்மயிர்ப் பூனைகள் இருந்ததை 1620-ஆம் ஆண்டளவில் குறித்துவைத்தார். 1871-இல் இலண்டன் கிறிஸ்டல் பேலஸில் நடைபெற்ற புகழ்மிக்க பூனைக் கண்காட்சியிலும் இவ்வினம் இடம்பெற்றது. ஆயினும் இன்றைய பாரசீகப் பூனைகள் மரபணு அளவில் மேற்கு ஐரோப்பியப் பூனைகளையே நெருங்கி நிற்கின்றன. பெயர் ஈரானுடையது, இன்றைய உருவமோ பெரிதும் மேலைநாட்டு வளர்ப்பாளர்கள் செதுக்கியது.

குட்டையான பருத்த கால்கள், அகன்ற மார்பு, உருண்டைத் தலை, சிறிய வட்டக் காதுகள், பெரிய கண்கள், குஞ்சம் போன்ற வால் ஆகியவை இதன் அடையாளங்கள். அடியில் பஞ்சு போன்ற மயிரும் அதன்மேல் நீண்ட மயிருமாக இரண்டு அடுக்குப் போர்வை உடலை மூடியிருக்கும். வெள்ளை, கறுப்பு, சாம்பல், செம்மஞ்சள் எனப் பல நிறங்கள் உண்டு. நீலக் கண் கொண்ட வெள்ளைப் பூனைகளுள் சில பிறவியிலேயே செவிப்புலன் அற்றவை.

குணத்தில் இது அமைதியின் உருவம். குரல் மெல்லியது. அலமாரியின் உச்சிக்குத் தாவுவதைவிடச் சோபாவின் ஓரத்தில் அமர்ந்திருப்பதையே விரும்பும். நாள்தோறும் ஒரே நேரத்தில் உணவு, ஒரே இடத்தில் உறக்கம் என்ற ஒழுங்கு குலைந்தால் மனம் சுருங்கும். இரைச்சல் மிகுந்த வீட்டில் கட்டிலுக்கடியில் ஒதுங்கிவிடும். முதியோர் இருக்கும் வீட்டுக்கும் அடுக்ககத்துக்கும் இது பொருந்துவதற்கு இந்தச் சாந்தமே காரணம்.

அழகின் மறுபக்கம் முகத்தில் இருக்கிறது. நம் நாட்டுச் சந்தையில் ‘டால் ஃபேஸ்’, ‘செமி பஞ்ச்’, ‘பஞ்ச் ஃபேஸ்’ என மூன்றாகப் பிரித்து விற்கிறார்கள். மூக்கு உள்ளொடுங்க ஒடுங்க விலை ஏறுகிறது. ஆனால் எலும்பு குறுகும்போது உள்ளிருக்கும் தசையும் குழாய்களும் அதே அளவில் குறுகுவதில்லை. மூச்சுப்பாதை நெருக்கப்படுகிறது, கண்ணீர்க் குழாய் வளைந்து அடைபட, கண்ணீர் கன்னத்தில் வழிந்து கறையாகிறது, துருத்திய கண்ணில் எளிதில் புண் உண்டாகிறது, பற்கள் நெருங்கி முளைக்கின்றன. அடர்ந்த மயிரும் குறுகிய மூக்கும் கொண்ட இப்பிராணிக்கு நம் கோடைக்காலம் பெரும் சோதனை. பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது ஆபத்தின் அறிகுறி. உடனே மருத்துவரை நாட வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு குறையும் உண்டு. சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் தோன்றி மெல்ல வளரும் பரம்பரை நோய் இவ்வினத்தில் அதிகம். சில நாடுகளில் நடந்த ஆய்வுகளில், சோதிக்கப்பட்ட பாரசீகப் பூனைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் இது காணப்பட்டது. பெற்றோரில் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிக்கு வரும் வாய்ப்பு பாதி. இதற்குக் காரணமான மரபணு மாற்றம் 2004-இல் கண்டறியப்பட்டதால், எளிய பரிசோதனை மூலம் முன்கூட்டியே அறிய இயலும்.

ஆகவே வாங்க விரும்புவோர், கடன் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அதிகாரியைப் போல ஆவணங்களைக் கேட்பது நல்லது. தாய்ப்பூனையை நேரில் காண வேண்டும். தாய் தந்தை இரண்டின் சிறுநீரகப் பரிசோதனை முடிவையும் தடுப்பூசி அட்டையையும் பார்க்க வேண்டும். மூக்குத் துளைகள் விரிந்திருக்கின்றனவா, உறங்கும்போது குறட்டை கேட்கிறதா என்று கவனிக்க வேண்டும். ஓரளவு மூக்கு நீண்ட குட்டியே விலையும் குறைவு, நலமும் அதிகம்.

குட்டியின் விலை முன்பணம் மட்டுமே. இதன் ஆயுள் 12 முதல் 15 ஆண்டுகள். தினமும் சீப்பால் வாரி, கண்ணோரத்தைத் துடைக்க வேண்டும். ஒரு வாரம் தவறினால் மயிர் சடையாகித் தோலை இழுக்கும். கோடையில் குளிர்ந்த அறை வேண்டும். உணவு, மணல், தடுப்பூசி, மருத்துவர் கட்டணம் எனச் செலவு மாதந்தோறும் தொடரும். இவற்றுக்கெனத் தனியே சிறு தொடர் வைப்பு ஒன்றைத் தொடங்கிவிட்டுப் பூனையை வரவழைப்பதே முறை.

சில மாதங்களுக்குப் பின் அந்த ஆசிரியை மீண்டும் வந்தார். ஒரு கண்ணில் பார்வை சற்று மங்கியிருந்தாலும் பூனை நலம் என்றார். காலையில் அரைமணி நேரம் தலைவாரும் பொறுப்பைப் பேத்தி ஏற்றிருக்கிறாளாம். புதிய தொடர் வைப்புக்கான படிவத்தைக் கேட்டு வாங்கினார். இம்முறை காரணத்தை அவரே முதலில் சொன்னார்.